லெய்லாவுக்கு இருந்த இத்தா

புத்தளம்
1937 ஓகஸ்ட் 3

என் கண்ணான பளீலா ராத்தாவுக்கு, தங்கச்சி லெய்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்க கோவிச்சுக்கொண்டு கற்பிட்டிக்கு, உம்மா வீட்டுக்குத் தோணி ஏறின நாள் தொட்டு எனக்குச் சோறு இறங்குதில்ல. உங்கட புருசனை நான் ரெண்டாந்தாரமா நிக்காஹ் முடிச்சது கள்ளத்தனமில்ல ராத்தா. மார்க்கம் இடம் குடுத்திருக்கெண்டு அவர்தான் சொன்னார். புருசனைப் பறிகுடுத்த எனக்கு வேற போக்கிடம் என்ன? கூடப் பிறக்காட்டியும், பழையபடி ராத்தாவும் தங்கச்சியுமா இனி ஒரே வீட்டில இருப்போம். நோன்புக்கு முதல் வந்திடுங்க. உங்கட கோழிகளுக்கு நான்தான் தீனி போடுறேன்.

உங்கட லெய்லா

*

கற்பிட்டி
1937 ஓகஸ்ட் 19

லெய்லாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

என்ட மாப்பிள அத்தாஉல்லாவுக்கு மார்க்கம் இடம் குடுத்திருக்கு, சரி. உனக்கு இடம் குடுத்தது நான். உன்ட மாப்பிள கடல்ல மவுத்தாகி, நீ நாலு மாசமும் பத்து நாளும் துக்கம் காத்து இத்தாவில வீட்டோட அடைஞ்சு கிடந்தபோது, விடிஞ்சாப் போதும், கஞ்சிச் சட்டியும் கையுமா உன்ட வாசல்ல நிண்டேன். நீ படுக்கையை விட்டு எழும்ப மாட்டாய். “இண்டைக்கு முகத்தை மட்டும் கழுவு, மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம்” எண்டு சொல்லிச் சொல்லித்தானே உன்னை எழுப்பினேன்? அரிசி மூட்டை தூக்க ஆளில்லையெண்டு என்ட மாப்பிளையை அனுப்பினதும் நான்தான். திரைக்கு அங்கால நிண்டு அவர் என்ன கதைச்சாரோ, நீ என்ன சொன்னாயோ. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் எண்டு சும்மாவா சொன்னாங்க.

இப்ப நானும் இத்தா இருக்கிறேன். மார்க்கத்தில இப்படியொரு இத்தா இல்ல, அல்லாஹ் பிழை பொறுக்கட்டும். நிறச் சேலை உடுக்கிறதில்ல, வளவைத் தாண்டுறதில்ல. உனக்குச் சொன்னதை எனக்கே சொல்லிக்கொள்றேன். முதல்ல முகம் கழுவினேன். பிறகு ரெண்டு வாய் சோறு. இப்ப கிணத்தடி மட்டும் போறேன். உன்ட பேரை ஆரும் சொன்னா இன்னும் எழும்பி உள்ள போயிடுறேன். அதுக்கு இன்னும் காலம் வரல்ல. அவசரப்படுத்தாதே.

பளீலா

*

புத்தளம்
1937 நவம்பர் 22

அன்பு ராத்தாவுக்கு, ஸலாம்.

இத்தா எண்டு எழுதினதை வாசிச்சுத்தான் எனக்கு உயிர் வந்தது. இத்தாவுக்கு முடியுற நாள் ஒண்டு இருக்குத்தானே? அதுதான் இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பெருநாளுக்கு முதல் முடிஞ்சிடும். அவரும் “முடியட்டும், வருவா” எண்டு சொல்றார். அவர் வீட்டில தங்குறது குறைவு ராத்தா. கதைக்க ஒருத்தருமில்ல. உங்களுக்கெண்டு பச்சைச் சேலை ஒண்டு எடுத்து வச்சிருக்கிறேன். எப்ப தோணி அனுப்ப?

உங்கட லெய்லா

*

கற்பிட்டி
1937 டிசம்பர் 9

லெய்லாவுக்கு,

இத்தா முடிஞ்சுது. பெருநாளண்டு நிறச் சேலை உடுத்து, மாமி வீட்டுக்கு நடந்து போய், வட்டிலப்பம் திண்டேன். மாமிட மகன் ஹிஸ்புல்லா நானா உன்ட பேரை எடுத்துக் கதைச்சார். நான் எழும்பாம இருந்து தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சேன். அப்பதான் சுகமாயிட்டேன் எண்டு விளங்கிச்சு.

மாப்பிளைக்காக நான் இத்தா இருந்தேனெண்டு நீங்க ரெண்டு பேரும் நினைச்சுக்கொண்டிருக்கிறீங்க. அவர் வந்தா உம்மாவை வச்சுக்கொண்டு கதைப்பேன், அது வேற கதை. நான் இத்தா இருந்தது உனக்கு. எனக்கிருந்த ஒரே தங்கச்சி நீதானே.

நாள் முடிஞ்சா வருவேனெண்டு பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். நீயும் இத்தா இருந்தவள்தானே லெய்லா. அது முடிஞ்ச நாள் உன்ட மாப்பிள கடல்ல இருந்து திரும்பி வந்தாரா?

தோணி அனுப்ப வேணாம். சேலையை நீயே உடு. கோழிகளுக்குத் தவறாம தீனி போடு.

வஸ்ஸலாம்.
பளீலா