சனிக்கிழமைச் சப்பாத்து

கோசிகாவின் அம்மாவுக்கு,

இல்ஃபோர்ட்டில் சுகமாக இருக்கிறேன். ஒஸ்லோவில் அரசாங்க மதுக்கடை சனிக்கிழமை நாலு மணிக்குப் பூட்டிவிடும். அதுவரை நான் வெளியே போகாதபடி நீர் மூன்று மணிக்கே என் சப்பாத்தை ஒளித்துவிடுவீர். நோர்வே அரசாங்கமும் நீரும் ஒரே கட்சி.

ஜேர்மனியில் பெற்றோல் செட்டிலும் பியர் விற்பார்கள். அங்கே அண்ணை வீட்டில் நின்ற வருடத்தைப் பற்றி எழுதவில்லை.

லண்டனில் என் அறைக்குக் கீழேயே கடை. ஞாயிற்றுக்கிழமையும் இரவு பதினொன்று வரை போத்தல் வாங்கலாம். எனக்கு உதவ இங்கே ஒரு சட்டமும் இல்லை. நேற்றும் மூன்று மணிக்கு இறங்கிப் போனேன்.

"வேற ஒண்டும் வேண்டாமோ அண்ணை?" என்றார் கடைக்காரர்.

"பால் மட்டும் காணும்" என்றேன். பதினாலு மாதமாக இதே பதில்தான்.

நீர் கடைசியாக ஒளித்த மண்ணிறச் சப்பாத்து ஒஸ்லோ வீட்டில்தான் எங்கேயோ கிடக்கும். பிள்ளையோடு வரும்போது கொண்டுவாரும். இங்கே அதை வாசலிலேயே வைக்கலாம்.

இப்படிக்கு,
கோசிகாவின் அப்பா