சீர்வரிசையில் ஒரு மிக்ஸி

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். சர்ச்சுக்கு மட்டம். முத்தையா அண்ணன் மகள் மலருக்கு உசிலம்பட்டியில் கல்யாணம். அண்ணன் எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர். மலர் என்னிடம் கணக்குப் படித்தவள். சாப்பாடு பிரமாதம், ரசத்தில் மட்டும் உப்புக் கூட.

மேடைக்குப் பக்கத்தில் சீர்வரிசை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எனக்கு அங்கேதான் வேலை. பிரிட்ஜ், கிரைண்டர், மிக்ஸி, எல்லாம் என்ன பிராண்டு என்று பார்ப்பது. சீரில் வருகிற பிராண்டுதான் பங்குச் சந்தையில் ஓடும், இது என் கட்சி. இன்று சுடரணி மிக்ஸி. டி.வி. சீரியலில் ஒரு மாமியார், "சுடரணியா? புண்ணாக்கு அரைக்கவாம்மா?" என்று கேட்டதிலிருந்து ஊரெல்லாம் அதை வைத்துத்தான் கேலி. நானே அந்தப் பங்கைப் போன மாதம் விற்றுவிட்டேன்.

போட்டோ எடுத்து, மாமியார் வசனத்தையும் சேர்த்து எங்கள் ஷேர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். 'இன்னும் இதை வாங்க ஆள் இருக்கு' என்று ஒரு வரி வேறு. வரிசையாகச் சிரிப்பு எமோஜி. உச்சி குளிர்ந்துவிட்டது, மறைப்பானேன்.

ஜூன் 10, செவ்வாய்

கேஸ் புக் பண்ண வேண்டும். வீட்டுக்காரி ஸ்டெல்லாவுக்குத் தைராய்டு மாத்திரை.

அண்ணன் மைதானத்துக்குப் போகாமல் ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு யாரோ ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறார்களாம். மிக்ஸி, கேலி வசனம், அட்டைப்பெட்டியில் ஒட்டிய காகிதத்தில் மலர் பெயரும் தாய்மாமன் பெயரும். சம்பந்தியம்மா மலரை எதிரில் நிற்கவைத்து அதே வசனத்தைச் சொல்லிக் காட்டியிருக்கிறார்.

அந்தக் காகிதம் என் கண்ணில் படவே இல்லை. பிராண்டு மட்டும்தான் பட்டது.

"எல்லாம் எம் மச்சான் வேலதான் தம்பி. அவந்தான் சீரு பூராத்தையும் போட்டோ எடுத்து, கண்டவனுக்கும் அனுப்பிக்கிட்டுத் திரிஞ்சான்" என்றார்.

தலையாட்டினேன். வாயைத் திறக்காமல் தலையாட்டினேன். சீ.

குரூப்பில் படத்தை அழித்தாயிற்று. போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போன பிறகு.

ஜூன் 11, புதன்

வெயில். ஸ்டெல்லாவிடம் சொன்னேன். திட்டித் தீர்ப்பாள் என்று நினைத்தேன். "அந்தப் புள்ள மொகத்துல எப்பிடி முழிப்பீக?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தோசை ஊற்றப் போய்விட்டாள்.

சுடரணி பங்கு ஏறியிருக்கிறது. இந்த நிலைமையிலும் அதைப் பார்த்தேன். கேவலம்.

ஜூன் 12, வியாழன்

டீக்கடையில் அண்ணன். இனி என் வாசப்படியை மிதிக்காதே என்று மச்சானிடம் போனில் சொல்லிவிட்டாராம். வீட்டில் அவர் மனைவி ஓயாமல் அழுகை, கூடப்பிறந்தவன் ஆயிற்றே. கேட்டுக்கொண்டே டீ குடித்தேன். இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடச் சொல்லிக் குடித்தேன். நானெல்லாம் ஒரு வாத்தியார்.

ஜூன் 14, சனி

அரை நாள் பள்ளி. லேசாகத் தூறல். மைதானத்தில் வைத்துச் சொல்லிவிட்டேன்: "அண்ணே, அந்தப் போட்டோவ எடுத்துப் போட்டது நான்."

விசிலைக் கழற்றிப் பையில் வைத்தார். பையன்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எம் மச்சாங்கிட்ட வந்து சொல்லுங்க."

மச்சான் வீட்டுக்கு உசிலம்பட்டி பஸ். என் பக்கத்தில் இடம் இருந்தும் அவர் முன்னால் போய் நின்றுகொண்டார்.

மச்சானிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட்டிருக்கலாம். "எங்க வீட்டுலயும் அதான் ஓடுது சார். நல்லா அரைக்கும். அதான் புள்ளைக்கும் வாங்குனேன்" என்றார். நிமிர முடியவில்லை.

கொல்லையிலிருந்து மச்சானின் மனைவி வந்தார். விஷயம் எதுவும் காதில் விழவில்லை போல. தண்ணீர் கொடுத்துவிட்டு, "யாருண்ணே இவுக?" என்று அண்ணனிடம் கேட்டார்.

இத்தனை வருஷத்தில் யார் கேட்டாலும் அண்ணன் என்னை, "நம்ம தம்பி" என்றுதான் சொல்வார்.

"ஸ்கூல்ல வேலை பாக்குறவரு" என்றார்.