சந்தனம் பூசிய நாப்கின் மெஷின்

கணக்கில் எப்போதும் என்னை முந்திக்கொண்டு போன என் அக்காவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு உன் மகள் கவிதா என்னோடுதான் இருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு. கணக்கு உன்னை மாதிரியே வருகிறது. ஆனால் மாதாமாதம் சில நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. அந்த நாட்களில் நடத்திய பாடத்தில் கேள்வி வந்தால் விட்டுவிட்டு வருகிறாள். உனக்கு நடந்ததேதான்.

நாப்கின் வாங்கி வைக்கிறேன். பையில் கொண்டுபோக மாட்டாள். பையன்கள் பையைக் குடைவார்களாம். இத்தனைக்கும் பள்ளிக்கூட ஆபீஸ் அறையில் இலவச நாப்கின் மெஷின் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் போதும்.

போன வாரம் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டார். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன் என்று அவருக்குத் தெரியும். "மிசின் ஓடறதே இல்லீங்க தம்பி, வந்து பாருங்க." போய்த் திறந்தேன். மோட்டார் நன்றாக இருக்கிறது. வயரிங் நன்றாக இருக்கிறது. நிரப்பிய நாப்கின் அப்படியே கிடக்கிறது. ஒருத்தியும் தொடவில்லை.

ஏன் தெரியுமா? ஆயுத பூஜையன்று பி.டி.ஏ. பிரசிடென்ட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்த கையோடு இதற்கும் சந்தனம் பூசி, மாலையும் போட்டிருக்கிறார். காய்ந்த மாலை இன்னும் தொங்குகிறது.

வீட்டில் கவிதாவைக் கேட்டேன்.

"சாமி கும்புட்ட மிசினுங்க மாமா. அந்நேரத்துல போயித் தொடறதுங்களா?"

"அந்நேரத்துக்குத்தான புள்ள அந்த மிசினே?"

"அது தெரியுமுங்க. எல்லாரும் தொட்டா நானும் தொடுவனுங்க."

இதற்கு எந்த ஸ்பேனரைப் போடுவது? நீ இருந்திருந்தால் தொடு என்றிருப்பாயா, நீயும் வேண்டாம் என்றிருப்பாயா?

மறுநாள் மாலையைப் பிடுங்கினேன். சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தேன். பெண்பிள்ளைகள் கழிப்பறைக்கு வயர் இழுத்து மெஷினை அங்கே மாட்டினேன். பிரசிடென்ட் ஓடிவந்தார்.

"ஏப்பா, பூஜை போட்ட சாமானத்தக் கக்கூசுல வெக்கறயே, உருப்படுமா?"

"பூஜை போட்டு உருப்படாமத்தானுங்க என்னையக் கூப்ட்டாங்க."

பக்கத்தில் நின்ற ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேற்று கணக்குப் பரீட்சை. அவளுக்கு அந்த நாள்தான். பையை எடுக்காமல் நின்றாள். "நல்லாத் தொடச்சுட்டீங்களா மாமா?"

"பெயிண்டே போற அளவுக்கு."

போனாள். மார்க் எவ்வளவு வருமோ, ஒரு கேள்வியையும் விடவில்லையாம். மெஷினை முதலில் தொட்டது யார் என்று கேட்டேன். தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

வருகிற ஆயுத பூஜைக்கு லீவு போட்டு அந்தக் கழிப்பறை வாசலில் நிற்பேன் அக்கா. அந்த மெஷின்மேல் ஒரு பொட்டு விழாது.

உன் தம்பி,
கவிதாவுக்குத் தாய்மாமன்