பதில் தராத காரணம்

ஆவணி 14, புதன்.

பேராசிரியரின் கிராம ஆய்வுக்காக இன்று மறுபடியும் முத்தாபுதுப்பேட்டையில் வீடு வீடாகப் போனேன். முனியம்மா வாசலிலேயே மறித்தாள்.

"போன வருசம் எத்தினி கெணறுன்னு எழுதிகினு போன. இப்போ எங்க கெணறு பட்டாளத்து வேலிக்குள்ள கீது. இந்தத் தபா இன்னாத்த எண்ண வந்த, நைனா? ஊட்டையா?"

"இது படிப்புக்காகத்தான் அம்மா."

"அப்பவும் அதான் சொன்ன."

சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

பதில் தராதவர்களின் காரணத்தை எழுதப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். பேராசிரியர் என்னைவிடப் பத்து வயது இளையவர், லண்டன் பட்டக்காரர், அந்த ஊரில் கால் வைக்காதவர். மாலையில் அதை அடித்துவிட்டு, "அறியாமை என்று போடுங்கள்" என்றார். போட்டேன்.

நாளை ஏழு வீடு பாக்கி. அந்த ஏழுக்கும் காரணத்தை இப்போதே எழுதிவிடலாம்.