ஒரு தாமரைக் காசுக்கு நாலு தபால் செலவு

கமருன்னிசா,

சிவகாசிக்குக் காலண்டர் ஆர்டர் கொடுக்கப் போகிறேன். மீன் ஆணம் மூடியிருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு.

தபால்காரர் நாலு கவர் தருவார். "காசு வாங்குறீகளா, கவர் வாங்குறீகளா?" என்று நேற்று நீ கத்தியது நியாயம்தான். ஆன்லைன் ஏலத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பழைய காசு. அதன் விலையைவிடத் தபால் செலவு அதிகம். சேர்த்து ஒரே கவரில் வரட்டுமென்று அதே ஆளிடம் இன்னும் மூன்று எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவசரப்பட்டு உடனே பணம் கட்டிவிட்டதால், நாலும் தனித்தனியாக வருகின்றன.

நூகு

பி.கு.: நாலையும் நீயே பிரி. ஒன்றில் தாமரை போட்ட இருபது பைசா இருக்கும். கல்யாணமான புதிதில், உன் அத்தா பெருநாளுக்குத் தந்த அதே மாதிரிக் காசை உன் பெட்டியிலிருந்து எடுத்து பீடி வாங்கினேனே. அன்றைக்கு நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. பெட்டியைத்தான் பூட்ட ஆரம்பித்தாய்.

இதை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்.