ஜன்னலைத் திறந்தது நான்தான்

அம்மா,

சால்மன் மீன் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. சூடு பண்ணினால் போதும், கொதித்தால் அதில் ஊற்றிய பால் திரிந்துவிடும். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு ஹில்க்காவிடம்.

வாசா நகரக் கல்லூரியின் நர்சிங் பட்டப்படிப்பை மதிப்பிட்டுவிட்டு நீ திரும்பும்போது நான் ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சியில் இருப்பேன். நீ கிளம்புமுன் போனில் உன் மதிப்பீட்டுக் குழுவிடம் சொன்னது காதில் விழுந்தது: "பிள்ளைங்ககிட்ட இதைக் கட்டாயம் கேக்கணும். முதல் சாவைப் பார்த்த அன்னைக்கு உங்க பக்கத்துல யாரு உட்கார்ந்தாங்க?"

"என்னையும் கேளேன்" என்றேன். "மக படிக்கிற காலேஜை நான் மதிப்பிடக்கூடாதுடி, அதுதான் விதிமுறை" என்று சிரித்தாய். அதற்குத்தான் கதவை அறைந்து சாத்தினேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்ற நினைப்பா?

யாரும் உட்காரவில்லை, அம்மா. செவ்வாய்க்கிழமை வார்டில் நான் பார்த்துக்கொண்ட பெரியவர் இறந்ததும், உயிர் வெளியே போகட்டும் என்று நம் வழக்கப்படி ஜன்னலைத் திறந்தேன். மூடத்தான் மனம் வரவில்லை. பனி உள்ளே விழ விழ, தனியாகவே நின்றேன்.

தூலி

பி.கு. ரொட்டி துணிக்குள் இருக்கிறது.

இன்னொன்று: சாயங்காலம் வந்துவிடுவேன். கேள்வி ஒன்றும் வேண்டாம். பக்கத்தில் வந்து உட்கார்.