அப்பாவின் குரலில் வந்த செய்தி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீ நலமாகத்தான் இருப்பாய், உன் வேலை அப்படி. இங்கே நான் இருக்கிறேன், அப்பாவுக்கு நெற்றியில் போட்ட தையலைப் பிரித்தாகிவிட்டது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். குரல் என்றாலே இப்போது எனக்குப் பயம், கையெழுத்தையாவது என்னுடையது என்று நம்புவாய்.

போன வாரம் ஊரில் எல்லாருடைய போனிலும் அப்பா பேசினார். குடிநீர் நிலையத்திலிருந்து பேசுகிறேன், தண்ணீரில் விஷம் கலந்துவிட்டது, யாரும் குடிக்காதீர்கள் என்று. அன்று நிலையத்தில் அவருக்கு வேலை இல்லாத நாள், அந்த நேரம் அந்த மனுஷன் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சொன்னால் யார் கேட்டார்கள்? வாசலில் கூட்டம் கூடிவிட்டது. இத்தனை வருஷம் பழகிய எதிர்வீட்டுத் தையல்காரரே, எத்தனை நாளாய்யா மறைச்சே என்று சட்டையைப் பிடித்தார். அப்பா குழாய்த் தண்ணீரைப் பிடித்து அவர்கள் முன்னாலேயே குடித்துக் காட்டினார், அப்போதுதான் கல் வந்தது. மறுநாள் ராணுவ அதிகாரி ஒருவர் வந்தார், மரியாதை தெரிந்த பிள்ளை. இது பயிற்சிதாம்மா, இனிமே எதிரி துப்பாக்கியோட வரமாட்டான், வதந்தியோட வருவான், ஊர் எப்படிப் பதறுதுன்னு பார்த்தோம் என்றார். ரொம்பத் திருப்தியாம். எதிரி வந்து செய்ய இனி என்ன பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

என் வயிற்றெரிச்சல் அதுகூட இல்லை. அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். முதலில் ஒரு செருமல், பிறகு கேக்குதா? எதிரில் ஆளே இல்லாத பதிவில் கேக்குதா என்று கேட்கிறவர் உன் அப்பா ஒருவர்தான், நீயே எத்தனை முறை கேலி செய்திருக்கிறாய். அவர் அப்படிப் பேசி அனுப்புவது உனக்கு மட்டும்தான். கணினி முன்னால் உட்காருகிற வேலை, ஆபத்தில்லை என்று சொல்லித்தானே ராணுவத்தில் அந்தப் பிரிவில் சேர்ந்தாய். யாருக்கு ஆபத்தில்லை என்று நான் கேட்காமல் விட்டேன். நீ மட்டும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் அறைந்திருப்பேன். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அந்தப் பதிவு உன் காதுக்கும் வந்து நீயும் நம்பிவிட்டாயோ என்பதுதான் அவர் கவலை. அது நான் இல்லன்னு நானே சொல்லணும், அவன் என்னை நம்புவான் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு செருமிக்கொண்டிருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் வேண்டிக்கொள்கிறேன், வேறு மாதிரி வேண்டிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மறக்காதே. அப்பாவின் பதிவு வரும். கேக்குதுப்பா என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல். பிறகு அவர் பதிவை அழித்துவிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்